பயந்து சிரிக்கவைத்த பாலையா

சாத்தான்குளம் வட்டாரத்துச் சுண்டங்கோட்டையில் 1914இல் பிறந்தவர் டி. எஸ். பாலையா. 1936இல் ‘சதி லீலாவதி’யில் திரைக்கு வந்து, வில்லனாகப் பேரெடுத்தவர். 1964இல் இயக்குநர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக வந்து வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தார்.

‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்று படக் கம்பெனி ஆரம்பித்த அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷ். அப்பாவை உட்காரவைத்து அவர் திகில் கதை சொல்லும் காட்சியைக் கவனியுங்கள். சத்தமெல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது. பாலையாவுக்கு வசனம் மிகக் குறைவு. கண் மிரள்கிறது, முகம் வெளிறுகிறது, உடம்பு ஒடுங்குகிறது. கதை சொல்கிறவரைவிடக் கேட்கிறவர் முகம்தான் நம்மைச் சிரிக்கவைக்கிறது. எதிராளிக்கு இடம்விட்டு நடிப்பது லேசான காரியமல்ல.

படத்தில் இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாட்டுகளும் கதையை நிறுத்துவதில்லை. வேலை போன இளைஞராக வரும் ரவிச்சந்திரன் முதலாளி வீட்டெதிரே கூடாரமடித்துப் போராடுவதே ஒரு பாட்டு. ஆள்மாறாட்டமும் காதலுமாக ஓடும் படம்தான், ஆனால் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து நெளியாமல் பார்க்கலாம். இந்த விடுமுறையில் வீட்டோடு பாருங்கள். பாலையாவின் முகத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.