டிக்கியின் தரை
காரில் பாட்டுக்காகச் செலவழித்தவர்கள் ஸ்பீக்கரைக் காட்டுவார்கள். நான் டிக்கியின் தரையைத் தட்டிப் பார்ப்பேன். கம்பெனி போட்டுத் தரும் மெல்லிய பலகை ஸ்டெப்னிக் குழியை மூடத்தான் லாயக்கு. 12 அங்குல சப்வூஃபரைப் பெட்டியோடு ஏற்றினால் நடுவில் தொய்யும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் கடகடக்கும்.

கைதேர்ந்த தச்சர் 18 மி.மீ. பிளைவுட்டைத்தான் எடுப்பார். எம்.டி.எஃப். கனம் அதிகம், ஈரம் பட்டால் உப்பும். டிக்கியின் கோணல்மாணலான ஓரங்களை முதலில் அட்டையில் வெட்டி, வைத்துப் பார்த்து, பிறகே மரத்தில் ரம்பம் வைப்பார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. அடியில் குறுக்குச் சட்டங்கள். தகரத்தில் உரசும் இடமெல்லாம் ரப்பர். பெட்டியை போல்ட் போட்டு இறுக்குவது அழகுக்கல்ல: சடன் பிரேக்கில் அத்தனை எடையும் முன்னே பாயும்.

பஞ்சரானால் ஸ்டெப்னியை எடுக்க வழி விடாத வேலை, எவ்வளவு பளபளப்பாகக் கார்ப்பெட் ஒட்டினாலும், அரைகுறைதான்.