திரையிசைத் துணுக்குகளும் பாடலாய்வும்: சான்று மதிப்புக் குறித்த ஒரு திறனாய்வு

தமிழ்த் திரைப்பாடல்களைப் பொருளாகக் கொண்ட ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் பெருகியுள்ளன. கண்ணதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், மருதகாசி, வாலி ஆகியோரின் பாடல்கள் இன்று பாடத்திட்டங்களிலும் இடம்பெறுகின்றன. இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. எனினும், இவ்வாய்வுகள் பெரும்பாலும் எதைச் சான்றாகக் கொண்டு நடக்கின்றன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. பாடல் பிறந்த சூழல், பாடகரின் முதற்பாடல், பாடிய பாடல்களின் தொகை முதலியன குறித்து வார இதழ்களும் வானொலியும் மேடை நிகழ்ச்சிகளும் வழங்கிவந்த துணுக்குச் செய்திகள், எவ்வித ஆய்வுக்கும் உட்படாமல் அடிக்குறிப்புகளுக்குள் நுழைந்துவிட்டன. அத்துணுக்குகளின் இயல்பையும், அவை பாடலுக்குச் செய்யும் நன்மை தீமைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

துணுக்கு தமிழுக்குப் புதியதன்று. கம்பர், ஒட்டக்கூத்தர், காளமேகம், ஔவையார் ஆகியோர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்கள் ஒவ்வொன்றையும் ஒரு கதை தாங்கி நிற்கிறது. அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் ‘விநோதரசமஞ்சரி’ (1876) அக்கதைகளுக்கு அச்சு வடிவம் தந்து, இரண்டு மூன்று தலைமுறைகளின் இலக்கிய அறிவையே உருவாக்கியது. பின்வந்த இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அக்கதைகளைக் காலமுரண் காட்டி ஒதுக்கினர். ஆனால் மக்கள் நினைவிலிருந்து அவற்றை அகற்ற அவர்களால் இயலவில்லை. ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ முதலிய இதழ்களின் வினா-விடைப் பகுதிகளும் இலங்கை வானொலித் தமிழ் அறிவிப்பாளர்களின் பாடல் அறிமுகங்களும் இம்மரபின் தொடர்ச்சி எனல் பொருந்தும். 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் விலக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்படும்வரை திரைப்பாடலைக் கேட்பதும் அதைப் பற்றி அறிவதும் பெரும்பாலும் கடல் கடந்து வந்த குரல்களின் வழியாகவே நிகழ்ந்தன. இந்திக்கு அமீன் சயானி இருந்ததைப் போலத் தமிழுக்கு மயில்வாகனனும் பி.எச். அப்துல் ஹமீதும் இருந்தனர். படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் என்னும் வரிசையில் பெயர்களைச் சொல்லிப் பழக்கிய அவர்களது அறிவிப்பு, நம் பதிப்பு மரபு கூறும் கொளுவை ஒத்தது.

கொளு என்றவுடன் புறநானூற்றின் 50ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தி அது. இச்செய்தியைக் கொளு கூறுகிறது, பாடலும் கூறுகிறது. பாடலுக்குள் இருப்பதையே கொளு சுருக்கித் தருகிறது. இதனுடன் ஒப்பிடத்தக்கது, 1969இல் வெளிவந்த ‘அடிமைப்பெண்’ படத்திற்கு எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய கதை. இளம்பாடகர் குடற்காய்ச்சலில் வீழ்ந்தபோது வேறு பாடகரைத் தேடாமல், அவர் தேறும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார் என்பதைப் பாலசுப்பிரமணியமே பல மேடைகளில் நன்றியுடன் கூறியுள்ளார். அமைப்பில் இதுவும் புரவலன் - பாணன் கதையே. உரியவரே கூறியதால் நம்பத்தக்கதும் ஆகும். ஆயினும் அப்பாடலின் சொல்லிலோ மெட்டிலோ இச்செய்தியின் சுவடு ஏதும் இல்லை. பாடகரின் வாழ்க்கை வரலாற்றுக்கு உரிய செய்தியைப் பாடலின் பொருளாகக் கொள்வது ஆய்வாகாது. புறநானூற்றுக் கொளுவுக்கும் திரைப்பாடல் துணுக்குக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இவ்விடத்தில் காணலாம்.

பாடலின் பொருளையே துணுக்கு கைப்பற்றிக்கொள்ளும் நிலை இதனினும் சிக்கலானது. ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தில் கண்ணதாசன் எழுதிய தூதுப் பாடல் ஒன்று உண்டு. தலைவி தோழியை விளித்து, சிவகாமியின் மைந்தனிடம் செய்தி சொல்லுமாறு வேண்டுகிறாள். காமராசரின் அன்னையார் பெயர் சிவகாமி அம்மையார். ஆகவே இது கவிஞர் காமராசருக்கு விடுத்த தூது என்பது நாடறிந்த துணுக்கு. தி.மு.க.விலிருந்து விலகிய கவிஞர் காங்கிரசில் சேர விரும்பி இவ்வாறு எழுதினார் என்பது அதன் ஒரு வடிவம். தலைவருடன் ஏற்பட்ட மனவேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ள எழுதினார் என்பது மற்றொன்று.

முதல் வடிவம் கால ஆராய்ச்சியில் நிற்கவில்லை. கண்ணதாசன் தி.மு.க.வை விட்டு ஈ.வெ.கி. சம்பத்துடன் வெளியேறியது 1961இல். சம்பத்தின் தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரசுடன் இணைந்தது 1964இல். படம் வெளியானதோ 1967 ஏப்ரலில். மூன்றாண்டுகளுக்கு முன்பே சேர்ந்துவிட்ட கட்சியில் சேர ஒருவர் தூது விடுவதில்லை. இரண்டாம் வடிவம் நடந்திருக்கக்கூடாதது அன்று. ஆனால் அதற்கும் பாடலுக்கு வெளியிலிருந்தே சான்று வரவேண்டும். இவ்விரு வடிவங்களையும் வேறுபடுத்தாமல், ‘கவிஞர் காமராசருக்குத் தூது விட்டார்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிச் செல்லும் கட்டுரைகளே மிகுதி.

கால முரணைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றும் இழப்பு வேறொன்று. சிவகாமி தில்லையில் உறையும் அம்மையின் பெயர். அவள் மைந்தன் முருகன். முருகனைத் தலைவனாகப் பாவித்துத் தூது விடும் பத்தி மரபும், தோழியை முன்னிலைப்படுத்தும் அகமரபும் அப்பாடலில் ஒன்றுகூடுகின்றன. காமராசரைக் கருதியே கவிஞர் எழுதினார் என்று வைத்துக்கொண்டாலும், அது இரட்டுற மொழிதலாக அமைந்ததே அதன் நயம். இரு பொருளும் ஒருங்கே நிற்கும்போதுதான் சிலேடை. துணுக்கை அறிந்த செவிக்கோ ஒரு பொருளே எஞ்சுகிறது. முருகன் மறைகிறான், தோழி மறைகிறாள், படத்தின் தலைவியும் மறைகிறாள். சிலேடையை விளக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் கதை சிலேடையை ஒழித்துவிடுகிறது.

மேலும் ஒருவர் மறைகிறார். இப்படத்தின் இசையமைப்பாளர் ஆர். கோவர்த்தனம், விசுவநாதன் - ராமமூர்த்தி இணையரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். இப்பாடல் நிலைத்து நிற்பதற்கு மெட்டும் காரணம் என்பதை எவரும் மறுக்கார். ஆனால் கவிஞர், தலைவர் என இரு பெரும் பெயர்களைக் கொண்ட கதையில் மூன்றாமவருக்கு இடமில்லை. புகழ்பெற்றோரைச் சுற்றியே துணுக்கு பின்னப்படுவதால், அது புகழைப் பகிர்ந்தளிப்பதில்லை. இருப்போரிடமே மேலும் குவிக்கிறது.

ஆசிரியர் உரிமை மாறிப்போவதற்கும் இதுவே காரணம். ‘படகோட்டி’ (1964) படத்தின் பாடல்கள் அனைத்தும் வாலியுடையவை; அவற்றுள் சிலவற்றைக் கண்ணதாசன் பாடல் என்று சொல்வோர் இன்றும் உளர். ‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) படத்தில் மருதகாசி எழுதிய உழவர் பாடலைப் பட்டுக்கோட்டையார் பெயரில் ஏற்றுவதையும் காண்கிறோம். உழைப்பாளர் பாடல் என்றால் பட்டுக்கோட்டையார், தத்துவம் என்றால் கண்ணதாசன் என்னும் வாய்பாடு இதற்கு அடிப்படை. சிலேடை வெண்பா என்றால் காளமேகம் என்று சேர்த்துவைத்த அதே மனப்போக்கு. 1959இல் தம் இருபத்தொன்பதாம் வயதில் மறைந்த பட்டுக்கோட்டையாருக்குப் பிறர் பாடலைக் கடன் வாங்கித் தரவேண்டிய தேவை இல்லை. மருதகாசிக்கோ, தமக்குரியதை இழப்பது உண்மையான இழப்பு.

இப்பிழைக்குத் துணுக்காளரை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. ஒரு படத்துக்குப் பலர் பாடல் எழுதியபோது, பெயர்ப்பட்டியலில் கவிஞர் பெயர்களை ஒருசேரக் காட்டி, எவர் எதை எழுதினார் என்பதைக் குறிக்காமல் விடுவது வழக்கமாக இருந்தது. பாடகர் நிலையும் இதுவே. ‘மகல்’ (1949) என்னும் இந்திப் படத்தில் லதா மங்கேசுகர் பாடிப் பெரும்புகழ் பெற்ற பாடலின் இசைத்தட்டில் பாடகர் பெயராக ‘காமினி’ என்பதே அச்சிடப்பட்டிருந்தது. அது கதைமாந்தரின் பெயர். பாடியவர் யாரென்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்டதாகக் கூறுவர். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் பெயர் தெரியாத நிலையில், அவர்தம் தொடராலேயே அவருக்குச் செம்புலப்பெயனீரார் எனப் பெயரிட்ட தொகுப்பாசிரியரின் இடர்ப்பாட்டை இதனோடு வைத்து எண்ணலாம். அங்குப் பாட்டு புலவருக்குப் பெயர் தந்தது. இங்குப் பாத்திரம் பாடகியின் பெயரைப் பறித்துக்கொண்டது. இதைத் தெரிவிக்கும் துணுக்கு உண்மையிலேயே பயனுடைய துணுக்கு. பின்னணிப் பாடகரின் உழைப்பு எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதற்கு அதுவே ஆவணம்.

எண்ணிக்கைத் துணுக்குகளைப் பற்றியும் சிறிது விரிவாகக் கூறவேண்டும். லதா மங்கேசுகர் 1948 முதல் 1974 வரை 25,000 பாடல்களுக்குக் குறையாமல் பதிவு செய்தார் என்று கின்னசு நூலின் 1974ஆம் ஆண்டுப் பதிப்பு அறிவித்தது. முகம்மது ரஃபி இதை மறுத்துத் தாமே மிகுதியாகப் பாடியவர் எனக் கடிதம் எழுதினார். 1980இல் அவர் மறைந்தபின் வெளிவந்த 1984ஆம் ஆண்டுப் பதிப்பு இருவர் கோரிக்கையையும் குறித்தது. 1991இல் அப்பதிவே நீக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகளில் 25,000 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 960. அக்காலத்தில் ஆண்டுக்கு நூறு முதல் நூற்றைம்பது வரை இந்திப் படங்கள் வெளிவந்தன. படத்துக்கு ஏழு பாடல் எனக் கொண்டால் 700 முதல் 1,050 வரை ஆகும். ஆண்குரல் பாடல்கள் உட்பட ஏறக்குறைய எல்லாப் பாடல்களையும் ஒரு பெண்மணியே பாடியிருந்தாலன்றி இக்கணக்கு நிறைவுறாது. பிற மொழிப் பாடல்களைச் சேர்த்தாலும் இடைவெளி மூடப்படாது. கான்பூரைச் சேர்ந்த அர்மந்திர் சிங் அம்ராசு ஆண்டுவாரியாகத் தொகுத்த இந்தித் திரைப்பாடற் களஞ்சியம் போன்ற உழைப்புகளே, இத்தகைய தொகைகள் பன்மடங்கு மிகைப்பட்டவை என்பதை வெளிக்கொணர்ந்தன. தமிழில் அத்தகு முழுமையான களஞ்சியத்தைத் துறைகள் கூடி உருவாக்காதது நமக்குப் பெருமை தருவதன்று.

கின்னசு நிறுவனம் 2011இல் ஆசா போசுலேயின் பெயரில் ஏற்ற தொகை 11,000 வரை; 2016இல் பி. சுசீலாவின் பெயரில் ஏற்றது 17,695. பின்னைய எண் சுழியங்களில் முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 25,000, 40,000 என்பன மதிப்பை உணர்த்தும் எண்கள். 17,695 என்பது யாரோ அமர்ந்து எண்ணியதன் விளைவு. அதிலும் எது ஒரு பாடல் என்னும் வினா எஞ்சுகிறது. மொழிமாற்றுப் படத்தில் அதே மெட்டை மீண்டும் பாடுவது ஒன்றா இரண்டா? மகிழ்ச்சியாகவும் சோகமாகவும் இருமுறை வரும் பாடல் எத்தனை? பாலசுப்பிரமணியத்துக்குக் கூறப்படும் 40,000 என்பதை 1966 முதல் 2020 வரையிலான ஐம்பத்துநான்கு ஆண்டுகளால் வகுத்தால், ஓய்வே இன்றி நாளொன்றுக்கு இரண்டு பாடல் என வரும். ஒரே நாளில் கன்னடத்தில் 21 பாடல்கள் பதிவு செய்தார் என்னும் செய்தியை இதற்கு அரணாகக் காட்டுவர். உச்ச நாள் ஒன்று சராசரிக்குச் சான்றாகாது. ஆறு தேசிய விருதுகளை நான்கு மொழிகளில் பெற்ற அக்கலைஞரின் பெருமைக்கு இவ்வெண் தேவையும் இல்லை.

‘முதற்பாடல்’ என்பதும் இவ்வாறே நெகிழ்வது. தமிழில் அவர் முதலில் பதிவு செய்தது வெளிவராத ‘ஓட்டல் ரம்பா’ படத்துக்கு. அடுத்து ‘சாந்தி நிலையம்’. முதலில் திரைக்கு வந்தது ‘அடிமைப்பெண்’. வினாவுக்கு ஏற்ப மூன்றும் சரியான விடைகளே.

ஆய்வு மாணவர் செய்யத்தக்கது யாது? துணுக்கைத் தள்ளிவிடுக என்று கூறுவதற்கில்லை. பாடகரும் கவிஞரும் தாமே கூறியவை, உடனிருந்தோர் கூறியவை, காலத்தால் பிற்பட்ட மேடைப்பேச்சு, பெயரற்ற வதந்தி ஆகியவற்றை வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள துறைகளில் இக்கடமை மேலும் கூடுகிறது. இங்குப் பயிலும் மாணவர் பலர் திரைப்பாடல் வழியே தமிழ்க்கவிதைக்குள் நுழைகின்றனர். பிழைபட்ட செய்தியைத் திருத்த வீட்டிலோ ஊரிலோ அவர்களுக்கு மூத்த நேயர் எவரும் இரார்.

இசைத்தட்டு முகப்புகளையும் திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களையும் முதனிலைச் சான்றுகளாகக் கொள்ளலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றையும் கண்மூடி ஏற்க இயலாது. படம் வெளியாகுமுன் அச்சிடப்பட்டமையால், தணிக்கையிலோ நீளம் கருதியோ நீக்கப்பட்ட பாடல்கள் அவற்றில் இருக்கக்கூடும், இசைத்தட்டின் மூன்று நிமிட எல்லைக்காகக் குறைக்கப்பட்ட சரணங்கள் முழுமையாக இருக்கக்கூடும், எழுத்துப்பிழைகளும் உண்டு. புத்தகம், தட்டு, படச்சுருள் மூன்றையும் ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் பணியைச் சுவடிப் பதிப்பில் தேர்ந்த நம் துறைகள் ஒரு கவிஞருக்கேனும், ஒரு பத்தாண்டுக்கேனும் தொடங்கலாம். மருதகாசியின் 1950களின் பாடல்கள் அதற்குப் பொருத்தமான தொடக்கமாக அமையும்.