மகரந்தத்தை எண்ணிய மருத்துவர்

இங்கிலாந்தில் கோடை தொடங்கியதும் பலருக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு ஆகியவை வருகின்றன. கோடை கழிந்ததும் நீங்குகின்றன. தமக்கே இருந்த இந்நோயை 1819இல் மருத்துவர் ஜான் பாஸ்டாக் விவரித்தார். கோடை வெப்பமே காரணம் என்று அவர் கருதினார். மக்களோ உலர்ந்த புல்லின் வாசனையைக் குறைகூறி, 'உலர்புல் காய்ச்சல்' என்றனர். உண்மையில் இது காய்ச்சலே அன்று.

இக்குழப்பத்தைத் தீர்த்த நூல் 1873இல் வெளிவந்தது. எழுதியவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் ஹாரிசன் பிளாக்லி. அவரும் இந்நோயால் வருந்தியவரே.

நூலின் சிறப்பு அதன் ஆய்வுமுறை. வெப்பம், ஒளி, ஓசோன், தூசி, வாசனைப் பொருள்கள் என ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியே ஆராய்ந்தார். மகரந்தமே குற்றவாளி எனத் தெரிந்தது. தம் கையைச் சிறிது கீறி அதில் மகரந்தத்தை வைத்தார், அவ்விடம் வீங்கியது. இன்றைய தோல் சோதனைக்கு இது முன்னோடி. பசைத் திரவம் பூசிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, ஒட்டிய மகரந்தத் துகள்களை நுண்நோக்கியில் எண்ணினார். எண்ணிக்கை கூடியபோது நோயும் கூடியது. காற்றாடியில் கட்டித் தகடுகளை உயரே அனுப்பினார்; அங்கும் மகரந்தம் சிக்கியது. வயலே இல்லாத நகரத் தெருவிலும் நோய் வருவது ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

அத்துகள்களில் பெரும்பகுதி புல்லினங்களுடையவை. புல்லின் பூ வண்ணமும் மணமும் காட்டிப் பூச்சிகளை அழைப்பதில்லை. காற்றை நம்பி, இலேசான மகரந்தத்தை ஏராளமாக உதிர்க்கிறது. ரோஜாவின் மகரந்தமோ பூச்சியின் உடலில் ஒட்டிச் செல்வது. ஆகவே அழகிய மலரைப் பழிக்குமுன் காலடியிலுள்ள புல்லைப் பாருங்கள்.

நூலில் குறைகளும் உண்டு. சோதனைகளுள் பெரும்பாலானவை ஒரே உடலில், அதாவது அவர் உடலில், செய்யப்பட்டவை. மகரந்தத்தின் நடுவே வாழும் உழவர்களுக்கு நோய் அரிதாயிருப்பதைக் கவனித்தார்; அது பாராட்டத்தக்கது. ஆனால் கல்வியும் மூளை உழைப்பும் நோய்க்கு இடம்தருகின்றனவோ என்று ஐயுற்றார். இது அக்காலத்து வர்க்க எண்ணமேயன்றி ஆய்வின் முடிவன்று. இடைவிடாத பழக்கமே உழவரைக் காக்கலாம் என்ற அவரது மற்றோர் ஊகம் சிந்தனைக்குரியது. 1911இல் லெனார்டு நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசிமூலம் செலுத்தினார். அம்முறை வளர்ந்து இன்றும் வழக்கிலுள்ளது.

ஒரே மகரந்தம் ஒருவரை வாட்டி மற்றவரை விடுவது ஏன்? இதற்கு நூலில் விடையில்லை. தீங்கற்ற பொருளையும் பகையெனக் கொள்ளும் உடலின் தற்காப்பே காரணம் என்பது பின்னரே தெரிந்தது. 'அலர்ஜி' என்ற சொல்லே 1906இல்தான் பிறந்தது.

மாணவர்களே, எண்ணிப் பார்த்துச் சொன்ன இடங்களில் இந்நூல் இன்றும் நிலைத்து நிற்கிறது. எண்ணாமல் சொன்ன இடத்தில் சறுக்குகிறது. எந்த அறிவியல் நூலையும் இவ்விரண்டையும் பிரித்தறிந்தே படியுங்கள்.