எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 18 வாரம் என்று போட்டிருக்கிறது. சிசுவுக்குச் சிறுநீரகம் இரண்டுமே உருவாகவில்லை. பிறந்தாலும் தங்காது என்கிறார் டாக்டர். அதை எடுத்துக்கொண்டு ஒரு தம்பதி மார்க்க அறிஞரான ஆலிமிடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 வாரம் என்றால் 126 நாள். 120 நாளில் ரூஹ், அதாவது உயிர், ஊதப்பட்டுவிடுகிறது, இனிக் கலைக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிடலாம். ஆனால் டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு தங்கியதோ அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. அந்தக் கணக்கில் 112 நாள்தான். இன்னும் 8 நாள் பாக்கி.

120 என்ற எண் நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அறிவிக்கும் ஹதீஸிலிருந்து வருவது: துளி, இரத்தக்கட்டி, சதைத்துண்டு என நாற்பது நாற்பது நாளாக மூன்று நிலை, அதன் பிறகு வானவர் உயிரை ஊதுகிறார். கருவின் மதிப்பு நாளாக ஆக ஏறுகிறது என்ற இந்தப் பார்வைதான் ஃபிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்ட மரபின் பலம். ஒருவர் அடித்ததால் கரு கலைந்தால் 'குர்ரா' எனும் ஈடு, 5 ஒட்டகத்தின் மதிப்பு; அதே சிசு உயிரோடு பிறந்து இறந்தால் முழு உயிரீடான தியத், 100 ஒட்டகம். கருத்தடையை அனுமதித்த இமாம் கஸ்ஸாலி, கருக்கலைப்பைத் தொடக்கத்திலேயே குற்றம் என்றார். ஆனால் நிலைக்கு நிலை கனம் கூடும் குற்றம். சட்டப் பள்ளிகளிடையேயும் ஒரே கருத்து இல்லை: மாலிகிகளில் பெரும்பாலோர் முதல் நாளிலிருந்தே மறுக்க, ஹனஃபிகளில் பலர் 120 நாள்வரை இடம் தந்தார்கள். காயல்பட்டினத்தில் ஷாஃபி, வாணியம்பாடியில் ஹனஃபி; இரண்டு ஊரிலும் ஒரே பதில் வரவேண்டிய கட்டாயம் இல்லை.

எனக்குப் பிடித்தது டமாஸ்கஸ்காரரான ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் எடுத்துச் சொல்லும் ஒரு காரணம். கைக்குழந்தை இருக்கும்போதே தாய் மறுபடி உண்டாகிறாள், பால் வற்றுகிறது, பால்கொடுக்க ஆள் வைக்கத் தகப்பனுக்கு வசதியில்லை, இருக்கிற பிள்ளை போய்விடுமோ என்ற பயம். இது போதுமான காரணம்தான் என்கிறார்கள் அந்த மரபின் அறிஞர்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்ன சட்டம் அது.

பின்னால் வந்தவர்கள் அந்தப் பார்வையை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் என் குறை. இந்தோனேசியாவில் வல்லுறவால் உண்டான கருவை 40 நாளுக்குள் கலைக்கலாம் என்று உலமா சபை 2005இல் ஃபத்வா தந்தது. 2014இல் அரசு விதி அந்த 40 நாளைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணச் சொன்னது. 28ஆம் நாள் விலக்கு வராதபோதுதான் ஒரு பெண்ணுக்குச் சந்தேகமே தட்டும். மீதி 12 நாள். அதற்குள் போலீஸ், சான்றிதழ், மருத்துவமனை. 2024இல்தான் இது 14 வாரமானது. வரம்பு வகுத்தவர்கள் ஒரு பெண்ணிடம் நாள்காட்டியைக் கொடுத்துக் கேட்டிருந்தாலே இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

1990இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு பேரவை, தீராத கடும் ஊனம் என்று நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்தால், பெற்றோர் கேட்டுக்கொண்டால், 120 நாளுக்குள் கலைக்கலாம் என்றது. அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும். நல்ல முடிவுதான். ஆனால் உறுப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேன் வழக்கமாக எடுக்கப்படுவதே 18 முதல் 20 வாரத்துக்குள். கதவு சாத்தும் நேரத்தில்தான் செய்தி வந்து சேர்கிறது.

நம் தம்பதிக்கு இந்தியச் சட்டத்தில் தடை இல்லை. 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். இப்படிப்பட்ட குறைக்கு மருத்துவ வாரியம் ஒப்பினால் 24 வாரம் தாண்டியும் இடமுண்டு. அவர்கள் ஆலிமிடம் வந்தது மனசுக்காக. அவர் முதலில் கேட்க வேண்டியது, ரிப்போர்ட்டில் இருக்கும் 18 வாரம் எந்த நாளிலிருந்து எண்ணியது என்பதை. அதையும் அந்தப் பெண்ணிடம்.