கிரிடி நகரத்து விஞ்ஞானி: பேராசிரியர் ஷோங்கு கதைகளில் முதல் வரிசை

சத்யஜித் ராய் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன திரைப்படங்களே. 1961ஆம் ஆண்டில் அவர் தம் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழுக்குக் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மீண்டும் உயிரூட்டினார். அதன் பக்கங்களை நிரப்பவேண்டிய தேவையிலிருந்து பிறந்தவர்தாம் பேராசிரியர் திரிலோகேஸ்வர் ஷோங்கு. இதழுக்கு எழுதத் தொடங்கியவர் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அந்த விஞ்ஞானியை விடவில்லை. 1992இல் ராய் மறைந்தபோது முற்றுப்பெறாத ஷோங்கு கதைகளும் எஞ்சியிருந்தன.

இக்கதைகளை வரிசைப்படுத்தப் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் எல்லைப்புறத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ பயில்கின்றனர். அவர்களுக்காக ஞாயிறுதோறும் கதை வாசிக்கும் சிறு வழக்கம் எங்கள் வட்டாரத்தில் உள்ளது. ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிச் செல்வது என் பங்கு. ஆண்டில் ஐந்தாறு கதைகளுக்கு மேல் இடமில்லை. எனவே எதை முன்னே வைப்பது, எதை விடுவது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. “சிறுவர் கதைக்குத் தரவரிசை எதற்கு ஐயா?” என்று மூத்த அன்பர் ஒருவர் கேட்டார். முதலில் தவறான கதையைச் சொன்னால் அடுத்த ஞாயிறு பாதிப் பிள்ளைகள் வருவதில்லை என்பதே அவருக்கு நான் தந்த விடை.

1972 வரையிலான கதைகளையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். பின்னாளைய ஷோங்கு உலகம் சுற்றும் பெருமகனாகிவிடுகிறார். விமானம், மாநாடு, வெள்ளையர் நண்பர், பாலைவனம், பனிமலை என்று கதைகள் விரிகின்றன. அவற்றில் விறுவிறுப்பு உண்டு, கிரிடி இல்லை. அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள அச்சிறு நகரில், உஸ்ரி ஆற்றங்கரையில், பிரகலாதன் என்ற வேலையாளோடும் நியூட்டன் என்ற பூனையோடும் வாழும் கிழவர் உலகையே வியக்கவைக்கிறார். இந்த எளிய முரணிலேதான் தொடரின் உயிர் இருக்கிறது. சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பீருமேட்டிலோ வளரும் பிள்ளைக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பெரியது எதுவும் பெருநகரில்தான் நடக்கும் என்று அப்பிள்ளைக்கு எல்லோரும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அகவை கருதி முதற்கதைக்கே முதலிடம் தருவோர் பலர். ‘விண்வெளிப் பயணியின் நாட்குறிப்பு’ என்று நாம் சொல்லத்தக்க அக்கதை 1961இல் வெளிவந்தது. சுந்தரவனத்தில் விண்கல் விழுந்த பள்ளத்தில் கிடைத்த ஒரு நாட்குறிப்பு. அதன் மை நிறம் மாறுகிறது, தாள் நெருப்பில் எரிவதில்லை. அதில் ஷோங்கு தம் செவ்வாய்ப் பயணத்தை எழுதியுள்ளார். அவருடைய முந்தைய ராக்கெட் அண்டைவீட்டு அவினாஷ் பாபுவின் முள்ளங்கிப் பாத்தியில் விழுந்துவிட, அவர் நட்ட ஈடு கேட்டு வந்து நிற்கிறார். உலக இலக்கியத்தில் விண்வெளி ஆய்வுக்கு இவ்வளவு இயல்பான எதிர்ப்பு வேறெங்கும் பதிவாகியிருப்பதாகத் தோன்றவில்லை. ராயின் தந்தை சுகுமார் ராய் எழுதிய ‘ஹேஷோராம் ஹூஷியாரின் நாட்குறிப்பு’ என்னும் நையாண்டியின் சாயல் இக்கதையில் தெளிவாகத் தெரிகிறது. எரியாத அந்த நாட்குறிப்பை இறுதியில் எறும்புகள் தின்றுவிடுகின்றன!

ஆயினும் இதற்கு மூன்றாம் இடமே தருகிறேன். இதில் ஷோங்கு இன்னும் முழு மனிதராகவில்லை. தந்தையின் நகைச்சுவை மகனின் கையைப் பிடித்து எழுதுவிக்கிறது. தம்மை எதிர்ப்போரைத் தும்மவைத்தும் கொட்டாவி விடவைத்தும் பழிவாங்கும் கோமாளி விஞ்ஞானியாகவே அவர் நிற்கிறார். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தனர் என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டாம் இடம் 1967இல் வந்த ‘கோக்கா’வுக்கு. ‘கோக்கா’ என்றால் வங்கத்தில் சின்னப்பையன். ஜாஜா என்னும் ஊரில், எளிய குடும்பத்துக் குழந்தை ஒன்று கீழே விழுந்து தலையில் அடிபடுகிறது; அன்றுமுதல் பெரும் அறிஞர்க்கும் எட்டாதவற்றைப் பேசத் தொடங்குகிறது. ஷோங்கு அதனைத் தம் வீட்டுக்குக் கொணர்கிறார். செய்தி பரவுகிறது, கூட்டம் கூடுகிறது. இறுதியில் அக்குழந்தையே ஆய்வுக்கூடத்தில் புகுந்து ஏதோ மருந்து கலந்து குடித்து மீண்டும் சாதாரணக் குழந்தையாகிவிடுகிறது. அறிவைவிடத் தாய்மடி பெரிது என்று இதற்குப் பொருள் கூறுவது எளிது. ஆனால் கதை அதனைச் சொல்லவில்லை. தன் அறிவு தனக்கு வேண்டாம் என்று முடிவுசெய்யும் அளவுக்கு அக்குழந்தைக்கு அறிவு இருந்தது என்பதையே சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்த பிள்ளையைப் பார்த்துத் தொண்ணூற்றைந்து எங்கே என்று கேட்கும் பெற்றோர் (நானும் அவருள் ஒருவன்) இதனை ஒருமுறை படிப்பது நன்று.

1968இல் வந்த ‘ரோபு’வை முதலிடத்தில் வைக்கவேண்டும் என்று என் இல்லத்தார் வாதிடுகின்றனர். முந்நூற்று முப்பத்து மூன்று ரூபாய் ஏழரை அணாச் செலவில் ஷோங்கு ஓர் இயந்திர மனிதனைச் செய்து ஜெர்மனிக்குக் கொண்டுசெல்கிறார். கணக்கெழுதிப் பழகிய என்னை அந்த ஏழரை அணா பெரிதும் மகிழ்வித்தது. 1957இலேயே நயா பைசா வந்துவிட்டதே, கிழவர் இன்னும் அணாவிலா கணக்கெழுதுகிறார்! அங்கே போர்கெல்ட் என்னும் அறிஞர் உண்மையில் அறிஞரே அல்லர், அவர் செய்த இயந்திரம் என்பது வெளிப்படும் இடம் சிறந்தது. நம் சுஜாதாவின் ஜீனோ என்னும் இயந்திர நாய் 1980களில் ‘ஆனந்த விகட’னில் வாலாட்டுவதற்கு முன்பே, இயந்திரத்துக்கு நன்றியுணர்வு உண்டா என்ற வினாவை ராய் சிறுவர்முன் வைத்துவிட்டார். ஆனால் ரோபு உரியநேரத்தில் வந்து காப்பாற்றுவது திரைப்படத்து உச்சக்காட்சியாகவே அமைந்துவிட்டது. ஜீனோவிடம் உள்ள குறும்பும் தனித்த மனமும் ரோபுவுக்கு இல்லை. நான்காம் இடமே.

மந்திரத்தால் எலும்புக்குத் தசை கொடுக்கும் சாதுவைப் பற்றிய ‘எலும்பு’க் கதையைப் பட்டியலில் சேர்க்கத் தயங்கினேன். விஞ்ஞானி மந்திரத்தை மறுக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கிறார். அந்த ஒரு செயலில் அவருடைய நேர்மையும் பேராசையும் சேர்ந்தே தெரிகின்றன. பிற்பகுதியோ வெறும் அச்சமூட்டலாகத் தேய்கிறது. எகிப்தியக் கதையையும் மக்காவ் கிளிக் கதையையும் ஓய்வுநேரத்துக்கு விட்டுவிடலாம். பெரியோரைச் சிறு பொம்மைகளாக்கி அலமாரியில் அடுக்கும் நார்வேக் கதை அழகிய கொடுங்கனவு. ஆனால் ஷோங்கு அதில் செய்வதைவிட அவருக்குச் செய்யப்படுவதே மிகுதி.

முதலிடம் ‘கோளத்தின் மர்மம்’. ராக்கெட்டுக் கதையில் முள்ளங்கிக்காக வாதாடிய அதே அவினாஷ் பாபு ஆற்றங்கரையில் ஒரு பந்தைக் கண்டெடுத்து வருகிறார். அது ஒரே நாளில் பலமுறை நிறம் மாறுகிறது. ஷோங்கு ஆராய்கிறார். அது பந்தன்று, ஒரு கோள். நிறமாற்றங்கள் அதன் பருவங்கள். நம் ஒருநாள் அதற்கு ஓராண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுக்கு அறிவும் மொழியும் உண்டு. தம்மை விடுவிக்குமாறு கேட்கின்றன. விடுவித்தால் மனித இனத்தையே அழிக்கும் ஆற்றல் தமக்குண்டு என்றும் செருக்குடன் அறிவிக்கின்றன. ஷோங்கு தம் மேசைமேல் ஓர் உலகம் அழியும்படி விடுகிறார்.

இக்கதையைச் சொல்லி முடித்த அன்று சிரிப்பே எழவில்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, “எல்லோருமா கெட்டவர்கள் மாமா? அங்கே குழந்தைகள் இல்லையா?” என்று கேட்டாள். நான் விழித்தேன். பேசியவை அங்குள்ள தலைவர்களின் குரல்களாக இருக்கலாம், மற்றவை பேசவேயில்லை. கதையை மீண்டும் புரட்டினேன். ராயும் அக்கேள்விக்கு விடை தரவில்லை. கொன்றது சரி என்றும் கூறவில்லை, தவறு என்றும் கூறவில்லை. நாட்குறிப்பு வடிவம் இங்கேதான் தன் முழுப்பயனைத் தருகிறது: எழுதுபவன் தன்னையே நியாயப்படுத்திக்கொள்கிறான் என்ற ஐயம் வாசகனுக்கு எழ இடமிருக்கிறது. படர்க்கையில் எழுதியிருந்தால் இது வெறும் வெற்றிக்கதை.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்த இரும்புக்கை மாயாவியிலும் இத்தகைய ஒரு கணம் உண்டு. பிரிட்டனில் 1962இல் தோன்றிய அத்தொடரின் தொடக்கத்தில் நாயகனே குற்றவாளி. கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஆற்றல் கிடைத்தவுடன் அவன் திருடத் தொடங்குகிறான். பின்னர் அவனை நல்லவனாக்கி உளவுத்துறையில் சேர்த்துவிட்டார்கள். அன்றே என் ஆர்வம் பாதி குறைந்துவிட்டது. ஷோங்குவுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. வெளிநாட்டு வில்லர்கள் பெருகப் பெருக அவர் கைகள் தூய்மையாகிக்கொண்டே போயின. கிரிடியில் இருந்தவரை அவர் கைகளில் ஓர் உலகத்தின் சாம்பல் ஒட்டியிருந்தது.

ஐந்தாம் இடத்துக்கு ‘எலும்’பையும், 1972இல் வந்த காக்கைக் கதையான ‘கார்வ’ஸையும் நிறுத்திப் பார்த்தேன். மந்திரவாதியை ஏமாற்றும் அக்காக்கையின் அறிவு பிள்ளைகளைக் கவரும் என்பதில் ஐயமில்லை. கதை மட்டும் சிலி நாடு வரை போய்விடுகிறது. வரும் ஞாயிறு இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சிறுமி எதற்குக் கேள்வி கேட்கிறாளோ, அதற்கே ஐந்தாம் இடம்.