இரு இரங்கலுரைகளும் ஒரு பழைய வழக்கும்

1938-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தாம்பரத்தில் ஒரு பெருங்கூட்டம் நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்து நெரிசலை விட்டு அங்குக் குடிபுகுந்து ஈராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. அதன் வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தார் 12-ஆம் நாள் தொடங்கி 29-ஆம் நாள் வரை கூடியிருந்து தம் சமயத்தின் வருங்காலத்தை ஆராய்ந்தனர். அதே 29-ஆம் நாள் சென்னையில் நீதிக்கட்சி மாநாடு தொடங்கிற்று. தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்ற ஈ. வெ. ரா. பெரியார் இந்தி எதிர்ப்பின் பொருட்டுச் சிறையில் இருந்தார். அவருடைய தலைமையுரையை வாசித்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். எழுதியவர் கடவுளை மறுத்தவர், வாசித்தவர் கத்தோலிக்கர். இவ்விரு கூட்டங்களுக்கும் இடையே இருபது கல் தொலைவுகூட இராது.

நாத்திகருக்கும் கிறித்தவருக்கும் தமிழகத்தில் நடந்த வழக்கைப் பற்றி எழுதுவோர் துண்டு நூல்களையும் மேடைப் பேச்சுகளையும் அடுக்குவதோடு நிறுத்திக் கொள்கின்றனர். நாம் வேறிடத்திலும் தேட விரும்புகிறோம். முதலில் தாம்பரத்தைப் பார்த்துவிடுவோம்.

அம்மன்றத்தார் 1928-இல் ஜெரூசலத்தில் கூடியபோது உலகியல் வாதத்தையே பொது எதிரியாகக் கண்டனர்; அதனை எதிர்க்கப் பிற சமயத்தாரையும் துணைக்கு அழைத்தனர். பத்தாண்டு கழித்துத் தாம்பரத்தில் காற்று மாறிவிட்டது. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அக்கூட்டத்திற்கென்றே ஒரு பெருநூல் எழுதியிருந்தார். ஜாவாவில் பணியாற்றியவர்; இஸ்லாத்தைக் கற்றவர். மனிதர் தேடிக் கண்ட சமயம் எதுவும் இறைவனிடம் ஏறும் ஏணியாகாது, கிறிஸ்துவில் வந்த வெளிப்பாடே அனைத்தையும் தீர்ப்பிடும் என்பது அவருடைய துணிபு. சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலிய இந்தியக் கிறித்தவர்கள் இதனை மறுத்து எழுதினர். அவ்வழக்கு அவர்களுடைய வீட்டு வழக்கு. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஆயின் ஒன்று சொல்லலாம். வெளிப்பாட்டை ஏற்றவனிடம் மட்டுமே பேசக்கூடிய நிலையை ஒருவர் மேற்கொண்டபின், அதனை ஏற்காதவனுக்கு அவர் அறிவிக்கலாமேயன்றி அவனோடு வாதிக்க இயலாது. நம்முடைய அஷ்அரீ, மாத்துரீதீ இமாம்களுக்கிடையேயும் இறைவனை அறிவது அறிவினால் கடமையா, ஷரீஅத்தினால் கடமையா என்ற வேறுபாடு உண்டு. எனினும் இருசாராருமே தஹ்ரிய்யாக்களுக்கு முன் வாதத்தைக் கைவிட்டாரில்லை.

மறுபக்கத்தார் கையிலிருந்த நூல்களில் தலையாயது பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் ‘நான் ஏன் கிறித்தவனல்ல’ என்பது. 1927 மார்ச் 6-இல் இலண்டன் பாட்டர்சீயில் ஆற்றிய உரை அது. சுயமரியாதை இயக்கத்தின் குத்தூசி குருசாமி அதனைத் தமிழாக்கினார். தெளிவான உரைதான், ஆனால் முதற்காரணத்தைப் பற்றிய பகுதி மிக விரைந்து முடிந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமெனில் கடவுளுக்கும் வேண்டுமே என்று கேட்டு அவர் மேலே சென்றுவிடுகிறார். இல்முல் கலாமில் ஆரம்ப வகுப்பு மாணவனும் இங்கே கையுயர்த்துவான். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்று முத்தகல்லிம்கள் சொல்லவில்லை. இல்லாதிருந்து பின் உண்டான ‘ஹாதிஸ்’ ஒவ்வொன்றுக்கும் உண்டாக்கியவன் வேண்டும் என்றே சொன்னார்கள். உலகம் ஹாதிஸ்தானா என்பது தனி வழக்கு. ரஸ்ஸல் அதனைச் சற்றே தொட்டுவிட்டு அகன்றுவிட்டார்.

நரகத்தைப் பற்றி அவர் கூறுவது அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதன்று. முடிவற்ற தண்டனையை அறிவிப்பவரிடம் ஒழுக்கக் குறை உண்டென்று அவர் ஈசா நபி (அலை) அவர்களை நோக்கியே சொல்கிறார். இவ்விடத்தை வாசிக்கும் நம்மவர் சிலர் இது பாதிரிமார்க்கு விழுந்த அடி என்று மகிழ்வதைக் கண்டிருக்கிறோம். விந்தையான மகிழ்ச்சி! ஜஹன்னத்தை நம்பாதவர் நம்மில் யார்? 1854-இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டரோடு வாதிட்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியின் அணியினர் ஐரோப்பியரின் பைபிள் ஆராய்ச்சிகளையே படைக்கலமாகக் கொண்டனர். அது வாதத்தில் வென்றது. அன்று முதல் அயலாரை மறுக்க மறுப்பாளரிடம் கத்தி இரவல் வாங்கும் பழக்கம் நம் தர்க்க நூல்களில் ஊறிவிட்டது. மறுமையே இல்லை என்னும் வாதம் அடுத்த வீட்டு வாசலோடு நின்றுவிடாது. உடல்கள் எழுப்பப்படுவதை மறுத்த தத்துவவாதிகளை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் ‘தஹாஃபுத்’தில் மறுத்தபோது கத்தியை யாரிடமும் இரவல் கேட்கவில்லை, எதிரியின் கொள்கையை முழுதும் கற்று, அதற்கென்று தனி நூலே எழுதிய பின்னரே மறுப்பில் இறங்கினார்.

இனி, நாம் சொல்ல வந்த இடம். 1933 மே 11-இல் நாகம்மையார் மறைந்தார். மறுநாளே திருச்சியில் 144 தடையை மீறிக் கிறித்தவச் சுயமரியாதைத் திருமணமொன்றை நடத்திவைத்துப் பெரியார் கைதானார். மனைவியைப் பற்றி அவர் ‘குடி அரசி’ல் எழுதிய இரங்கலுரை தமிழ் உரைநடையில் தனித்து நிற்பது. அவர் எனக்கு எதுவாக இருந்தார் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து, போதாதென்று வைத்துவிடும் அந்த அடுக்கு, மறுப்பவர் நடையில் நாம் எதிர்பாராதது. பெண்ணுரிமை பற்றி ஊருக்கு உரைத்ததைத் தம் மனைவியிடம் தாம் நடத்திக் காட்டவில்லை என்று அங்கேயே ஒப்புகிறார். பிறகு இம்மறைவு நன்மையாகவே முடியட்டும் என்கிறார். இம்முடிவு நமக்கு உடன்பாடன்று. துயரம் தானே கண்டடைந்த சொற்களுக்கு மேல், கொள்கை கட்டாயமாக ஏற்றிவைத்த வரியாகவே அது தோன்றுகிறது.

1940 மார்ச் 1-ஆம் நாள் இரண்டாவது சோதனை வந்தது. இந்திய மந்திரியின் ஆலோசகராக இலண்டனுக்குச் சென்ற பன்னீர்செல்வம் ஏறிய ‘ஹன்னிபால்’ விமானம் ஓமான் வளைகுடாவின்மீது எண்மரோடு மறைந்தது. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. பெரியார் மீண்டும் எழுதினார். மனைவி மறைந்தபோதும் முதிய தாயார் மறைந்தபோதும் கலங்காத தாம் இப்போது கலங்குவதை மறைக்காமல் சொன்னார். தமிழர் நிலையை நினைக்குந்தோறும் நெஞ்சு திடுக்கிடுவதாக எழுதினார். இங்கே கொள்கை வந்து எந்த வரியையும் முடித்து வைக்கவில்லை. இறந்தவரின் சமயத்தைப் பழிக்கவுமில்லை, அவருக்கு ஒரு சுவர்க்கத்தைப் பொய்யாக வாக்களிக்கவுமில்லை. இரண்டனுள் இதனையே சிறந்ததென்போம்.

அரபு கற்றோர்க்கு இவ்விடத்தில் அபுல் அலா அல்-மஅர்ரீ நினைவுக்கு வராமலிரார். 1057-இல் மறைந்த அக்குருட்டுக் கவிஞர் மறுமையைப் பற்றி எழுப்பிய ஐயங்களுக்காக உலமாக்கள் இன்றளவும் அவரை ஏசுவதுண்டு. அவருக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு. அவருடைய புகழ்பெற்ற இரங்கற்பா பாடப்பட்டதோ அபூஹம்ஸா என்னும் ஹனஃபீ சட்ட அறிஞருக்கு! ஐயுற்றவர் அழுதது ஒரு ஃபகீஹுக்காக. அக்கவிதையை நம் மதரஸாக்களில் இலக்கணத்திற்காகவும் சொல்லழகிற்காகவும் ஓதிக்கொடுக்கிறோம். யார் யாருக்காக அழுதார் என்று கேட்பதில்லை.

தாம்பரத்தில் கூடியோர் பதினெட்டு நாள் ஆராய்ந்ததில் பிற சமயங்களின் தகுதியும் இடம் பெற்றது. அவர்கள் கலைந்த நாளில் நகரத்து மேடையில் ஒரு நாத்திகரின் சொற்களை ஒரு கத்தோலிக்கர் தம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எந்த இறையியலிலும் அடங்காத செய்தி. அவ்விருவரும் இறைவனைப் பற்றித் தம்முள் என்ன பேசிக்கொண்டனர் என்பதற்கு அந்த இரங்கலுரையில் ஒரு சொல்லும் இல்லை.

கடலில் மறைந்தவருக்கு உடலின்றியே தொழுவிக்கும் ‘காயிப் ஜனாஸா’ ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. ஹனஃபீகள் அதனை ஏற்பதில்லை. கப்பலேறி மீளாதோரை அறிந்த நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவை ஷாஃபிஈ ஊர்களே.