யாருடைய பழசு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதிர்காமத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு காந்தி வீதிக்குப் போவது எனக்கு இருபது வருடப் பழக்கம். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் சண்டே மார்க்கெட்டில் நின்று நிதானமாகப் பொறுக்கலாம். தார்ப்பாயில் குவித்திருக்கும் துணிகளைத் திருப்பூர் ஏற்றுமதி மிச்சம் என்பார்கள். யாரோ உடுத்திக் கழித்தவையும் அதில் கலந்திருக்கும். என் அலமாரியில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான். திங்களன்று கட்டும் நெகமம் சேலை அண்ணியுடையது. அதற்கு ரவிக்கையாகப் போடும் நீலச் சட்டை, மார்க்கெட்டில் நூறு ரூபாய்க்கு வாங்கிய ஆண்கள் சட்டை. கையை மட்டும் வெட்டித் தைத்தேன். வியாழக்கிழமை குர்தா ஒரு காலத்தில் என் தோழியின் கைத்தறிச் சேலை.

பழையதை உடுத்த ஒரு படிப்பு வேண்டும். சேலை முதலில் நைவது குதிகாலில் உரசும் கரையில். பட்டு என்றால் மடிப்புக் கோட்டில். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நூல் இளைத்த இடம் தெரிந்துவிடும். சட்டையில் அக்குளையும் காலரையும் பார்க்க வேண்டும். காலர் நைந்திருந்தால் பிரித்துத் திருப்பித் தைக்கலாம். அக்குள் போயிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் முழு வெயிலில் காயப் போடுவேன். இன்னொன்றையும் இத்தனை வருடத்தில் கற்றேன். சேலைக்கு அளவு கிடையாது, அதனால் அது அக்காவிடமிருந்து தங்கைக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், முதலாளியம்மாவிடமிருந்து வேலைக்காரிக்கும் போய்க்கொண்டே இருக்கும். ரவிக்கை உடம்போடு நின்றுவிடும். சேலை ஒருத்தியிடமிருந்து வரும். ரவிக்கையை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சுற்றுச்சூழல் தினத்தன்று பேச அழைத்தால் என் சேலையைக் காட்டியே பேசுவேன். மாணவிகளும் இன்று ‘த்ரிஃப்ட்’ என்ற சொல்லோடு வருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பழைய சட்டையைப் படம் பிடித்துப் போட்டு விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அந்தப் பெருமையை ஒரு மாணவிதான் உடைத்தாள்.

அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண். ஒரு கருத்தரங்கில் முதன்முதலாகக் கட்டுரை வாசிக்கப் போகிறாள். ஒரே ஒரு முறை நான் கட்டிய சுங்குடிச் சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து எடுத்துப் போனேன். பையைப் பிரித்துப் பார்த்தாள். தடவியும் பார்த்தாள். பிறகு மடித்து என் மேசையிலேயே வைத்தாள்.

“வேணாம் மேம். எங்க வீட்ல எல்லாமே யாரோட பழசோதான். அன்னிக்கு ஒருநாளாவது புதுசு கட்டிக்கிறேன்.”

கருத்தரங்கு நாளில் மினுமினுக்கும் பாலியெஸ்டர் சேலையில் வந்தாள். கடை மடிப்பு கலையாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நான் இஸ்திரி போடச் சொல்லியிருப்பேன். அவள் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள் என்று பாதிக் கட்டுரையில்தான் புரிந்தது. புதிது என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி.

எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். ஒரு வீட்டுப் பெண் என் வகுப்பில்தான் படித்தாள். அவளுடைய கவுன் ஒன்று எனக்கு வந்தது. போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன அன்று அவள் கேலி செய்யவில்லை. ஓடிவந்து, இடுப்புத் தையலுக்குள் விரலை விட்டு, “இதுல ரகசியப் பை ஒண்ணு இருக்கு, பாத்தியா?” என்று காட்டினாள். உண்மையான சந்தோஷத்தோடுதான் காட்டினாள். ஒரு வாரமாக நான் வைத்திருந்த உடுப்பு. அதன் ரகசியம் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. அதன்பிறகு அந்தக் கவுனை நான் தொடவில்லை. அம்மா திட்டினார். காரணம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

கொடுப்பவரைப் புகழ நம் இலக்கியத்தில் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநனின் உடை ஈரும் பேனும் குடியேறியது. வியர்வையில் நனைந்து, வேறு வேறு நூல் நுழைத்துத் தைக்கப்பட்ட கந்தல். கரிகாலன் அதைக் களைந்து, நூலோடும் வழி தெரியாத, பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடையைத் தருகிறான். வகுப்பில் நாம் அந்த மெல்லிய ஆடையிடம் ஓடிவிடுகிறோம். நான் அந்தக் கந்தலிடம் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். கையில் கிடைத்த நூலையெல்லாம் நுழைத்து அதை அத்தனை நாள் உடுக்கத் தக்கதாக வைத்திருந்த கை யாருடையது? பாட்டு அதைச் சொல்வதில்லை. கொடையைப் பாடும் மரபில் தையலுக்கு இடமில்லை.

பேகன் கதை இன்னும் கூர்மையானது. மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்தவன். மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தான் என்று புறநானூற்றில் பரணர் பாடுகிறார். கேட்காதவருக்கு, பயன்படுத்த முடியாதவருக்கு, மறுக்கவும் முடியாதவருக்குக் கொடுத்தது நமக்கு வள்ளன்மையின் உச்சம்! அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் போ என்று கேட்க வேண்டியிருந்தது. பூச்சூடாத அவளுடைய கூந்தலை அந்தப் பாடல்கள் நினைவூட்டுகின்றன. பள்ளிப் பாடத்தில் மயில் இருக்கும். கண்ணகி இருக்க மாட்டாள். அந்தப் புலவர்கள் பரிசிலை மறுத்துத்தான் ஒரு பெண்ணுக்காகப் பேசினார்கள் என்பதை என் மாணவி மறுத்த பிறகுதான் நான் அழுத்திப் படித்தேன்.

மறுப்பதற்கு இடமே விடாத சட்டமும் இங்கே இருந்திருக்கிறது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் ஆடையை விதிக்கிறது. சூத்திரருக்கு எச்சில் உணவோடு பழந்துணியையும் கொடுக்கச் சொல்கிறது. உடுத்திக் கழித்த துணி இங்கே சாதியின் சீருடை. 1927 டிசம்பரில் மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்த அம்பேத்கர், அதே மாநாட்டில் பெண்களிடம் தனியாகப் பேசினார். சேலை கட்டும் விதமும் கனத்த நகைகளும் உங்களைத் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கின்றன, மாற்றுங்கள் என்றார். எளிமையை அறமாகப் பார்க்கும் காந்தியக் கண்ணுக்கு இது ஆடம்பர ஆசையாகத் தெரியலாம். கவுனின் ரகசியப் பையைப் பார்த்தவளுக்கு அப்படித் தெரியாது.

சுனாமியின்போது நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஊர் ஊராகப் பழந்துணி சேர்த்தார்கள். நானும் உட்கார்ந்து மூட்டை கட்டினேன். கொக்கி இல்லாத ரவிக்கை, ஜிப் அறுந்த பேண்ட், துவைக்காத உள்பாவாடைகூட அதில் இருந்தன. நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் அந்தத் துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் மக்கின. மீனவப் பெண்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். ‘திமிர்’ என்று அப்போது சிலர் சொன்னதை என் காதால் கேட்டேன். வீடும் படகும் பிள்ளையும் போன பிறகும் அவர்களிடம் மிச்சமிருந்தது அந்த மறுப்பு. நிராகரிக்கப்பட்ட துணிகளைக் கூஞ்ச் அமைப்பு லாரி லாரியாக எடுத்துப் போய்த் தரம் பிரித்தது. பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாக ஆக்கும் பணியையும் அந்த அமைப்பு பெரிதாக முன்னெடுத்தது. துணி கொடுப்பதற்கு முன் வாங்குபவர் யார், அவருக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும் என்பது அந்தக் குவியல் சொன்ன பாடம்.

மறுபக்கம் ஒன்றும் உண்டு. காலை ஏழு மணிக்கு வழுதாவூர் சாலையில் நின்றால் வேலைக்குப் போகும் பெண்களைப் பார்க்கலாம். சேலைக்கு மேல் புருஷனுடைய, அண்ணனுடைய, மகனுடைய பழைய சட்டை, தலையில் துண்டு. சிமெண்டும் வெயிலும் நெல் சுணையும் தோலில் படாமல் அது காக்கிறது. மேஸ்திரியின் கண் மார்பில் படாமலும் காக்கிறது. என் அம்மாவும் அப்பாவின் பெயிண்ட் தெறித்த சட்டையைப் போட்டுத்தான் விறகு பிளந்தார். தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து உருவாக்கிய மிகப் பெரிய பழந்துணி உடுப்பு இதுதான். எந்த ஃபேஷன் புத்தகமும் இதைச் சேர்த்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. யாரும் அவளுக்கு இரக்கப்பட்டுத் தராதது. கொடியிலிருந்து அவளே உருவி எடுத்தது. அவிழ்த்துப் போடும் உரிமையும் அவளுடையது. சட்டையை ரவிக்கையாகப் போடும் என் ‘ஸ்டைல்’ அங்கிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு இத்தனை வயதாகிவிட்டது.

பழையதை வாங்குவதால் கை சுத்தமாகிவிடுகிறது என்ற நம்பிக்கையையும் இப்போது விட்டுவிட்டேன். மேக்னா குப்தாவின் ‘அன்ராவெல்’ (2012) குறும்படத்தில், மேலை நாடுகள் கழித்த துணிகளைப் பானிபட் பெண்கள் பட்டன் பிடுங்கி, கிழித்து, நூலாக்க அனுப்புகிறார்கள். கிட்டத்தட்டப் புதிதாக இருப்பதை ஏன் எறிகிறார்கள்? அங்கே தண்ணீர் விலை அதிகமோ, துவைக்கக் கட்டுப்படியாகவில்லையோ என்று அவர்கள் யோசிக்கிறார்கள். சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. நம் ஊரும் துணி நெய்த ஊர்தான். 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. 2021இல் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிலாளியான தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடி, 2022இல் பணியிடப் பாலியல் வன்முறைக்கு எதிரான ஒப்பந்தத்தை ஆலை நிறுவனத்திடமும் வாங்கும் பன்னாட்டு நிறுவனத்திடமும் பெற்றது. நூறு ரூபாய்ச் சட்டை எந்த ஆலையில் எந்தக் கையில் தைக்கப்பட்டது என்று தார்ப்பாய்க் குவியல் சொல்லாது. நான் இரண்டாம் கையில் வாங்குவதால் முதல் கை காணாமல் போய்விடுவதில்லை.

ஆகவே பழையதை உடுத்துவதை விட்டுவிட்டேனா? இல்லை. இன்றும் என் முக்கால் அலமாரி அதுதான். ஆனால் சுற்றுச்சூழல் தினத்தில் என் சேலையைக் காட்டிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். புதியது வாங்க வசதியிருந்தும் நான் பழையதை எடுக்கிறேன். அந்த வசதி மாதச் சம்பளமாக வருகிறது. அது இல்லாதவளிடம் போய் இதை அறம் என்று போதிக்க எனக்கு உரிமையில்லை. எதையும் கொடுப்பதற்கு முன் இப்போது கேட்கிறேன். ‘வேண்டாம்’ என்றால் ஏன் என்று கேட்பதில்லை. முதல் கருத்தரங்குக்குப் போகும் பெண்ணுக்குப் பரிசு தர நினைத்தால், கடையில் அவளையே புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்தச் சுங்குடி என்னிடமே இருக்கிறது. பேகன் பாடல்கள் நடத்தும் நாளில் அதைக் கட்டிக்கொண்டு போகிறேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள், அவ்வப்போது பேசுகிறாள். அந்தச் சேலையைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.